பணிப்பாளர் மாறுகிறார்; பணிமனை மாறுகிறதா?

பிராந்திய சுகாதாரப் பணிமனையொன்றுக்குப் புதிய பணிப்பாளர் வந்தால் அது எப்படிச் செய்தியாகும் என்பது நமது வாசகர்களுக்கு மனப்பாடம். முதலில் கடமையேற்கும் படம் வரும். அடுத்த நாள் பொன்னாடை. அதற்கடுத்த வாரம் முழுவதும் பள்ளிவாசல் சம்மேளனம், விளையாட்டுக் கழகம், சமூக சேவை அமைப்பு, அரசியல் பிரமுகர் என்று ஒவ்வொரு குழுவாகப் போய் சிநேகபூர்வ சந்திப்பு நடத்துவார்கள். மகஜர் ஒன்று கையளிக்கப்படும். அதில் கட்டடமும் அம்புலன்ஸும் விசேட வைத்திய நிபுணரும் கேட்கப்பட்டிருக்கும். சில காலம் கழித்து அதே மண்டபத்தில் பிரியாவிடை வைபவம். பிறகு மீண்டும் முதலிலிருந்து ஆரம்பம்.

வந்தவரை வரவேற்பதில் தவறில்லை, அது நமது பண்பாடு. ஆனால் இந்தச் செய்திகளுக்குக் கீழே வரும் கருத்துகளையும் வட்ஸ்அப் குழுமங்களில் ஓடும் பேச்சையும் பார்த்தால், நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவர் எங்கட ஆளா, அவங்கட ஆளா? அதற்குப் பதில் கிடைத்ததும் நமது அக்கறை முடிந்துவிடுகிறது. அந்தப் பணிமனையின் கீழ் வேலை செய்யும் குடும்ப நல உத்தியோகத்தர், பொது சுகாதார பரிசோதகர், தாதியர், மருந்தாளர், சிற்றூழியர் ஆகியோர் இந்த மாற்றத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? அவர்கள் சொல்வதைக் கேட்க அங்கே யாராவது இருக்கிறார்களா? இதை நாம் கேட்பதில்லை.

கல்முனையை எடுத்துக்கொள்வோம். நாட்டில் 25 மாவட்டங்கள் இருந்தாலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகள் 26 உள்ளன. அம்பாறை மாவட்டம் மட்டும் அம்பாறை, கல்முனை என இரண்டாகப் பிரிந்திருப்பதே காரணம். கரையோரத்தில் பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை, உள்ளே சம்மாந்துறை, நாவிதன்வெளி, இறக்காமம் என்று விரியும் பகுதி இது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்த நிலம். இங்கே பணிப்பாளரின் பெயரைக் கேட்டவுடனே இனத்தைக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இரு பக்கமும் இருக்கிறது.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீனுக்கு நடந்ததை முஸ்லிம் சுகாதார ஊழியர்கள் மறக்கவில்லை. கைது, தடுத்து வைப்பு, சம்பள நிறுத்தம் எல்லாம் நடந்தன. கருத்தடைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் சொன்ன பிறகும் அவர் மீண்டும் கடமைக்குத் திரும்ப ஆண்டுகள் எடுத்தன. நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 லட்சம் ரூபாவுக்கும் அதிகமான பணத்தை அவர் 2022 இல் மருந்து வாங்கவே கொடுத்தார். அப்படியொரு காலத்தைக் கண்டவர்கள் மேலே நம்மவர் ஒருவர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பதைக் குறைசொல்ல முடியாது. பக்கத்து ஊர்த் தமிழ் ஊழியருக்கும் அவரது அனுபவத்திலிருந்து வந்த இதேபோன்ற பயம் உண்டு.

ஆனால் நம்மவர் வந்த பிறகு என்ன நடக்கிறது? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பிராந்தியப் பணிப்பாளரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 13 ஆவது திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயம். ஆனால் பெரிய வைத்தியசாலைகள் பல கொழும்பு அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் இருக்கின்றன. வைத்தியர்களின் வருடாந்த இடமாற்றப் பட்டியலும் அங்கிருந்துதான் வருகிறது. நோயாளிக்கு இந்த வேறுபாடு தெரியாது, எல்லாம் அவருக்கு 'ஆஸ்பத்திரி'. ஊழியருக்கோ நன்றாகத் தெரியும். தனது குறையைப் பணிமனையில் சொன்னால் மாகாணத்தைக் காட்டுவார்கள், மாகாணத்தில் சொன்னால் அமைச்சைக் காட்டுவார்கள். அமைச்சு கடிதத்தைத் திரும்ப மாகாணத்துக்கு அனுப்பும்.

மாகாண மட்டத்தில் கேள்வி கேட்கக்கூடிய மக்கள் பிரதிநிதியும் இல்லை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். அதன் காலம் 2017 செப்டெம்பருடன் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரும் செயலாளர்களும்தான். முன்பு மாகாண சுகாதார அமைச்சரிடம் போய்ச் சத்தம் போடவாவது முடிந்தது. அந்த அமைச்சர்கள் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு அடுத்த தேர்தலைப் பற்றிய பயம் இருந்தது.

இதோடு 'பதில் கடமை' என்ற நோயும் சேர்ந்துகொள்கிறது. நிரந்தர நியமனம் தாமதமாகும்போது பதில் பணிப்பாளரோ பதில் வைத்திய அத்தியட்சகரோ நியமிக்கப்படுகிறார். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நாளைக்குத் தான் இருப்போமா என்று தெரியாத கதிரையில்தான் அமர்ந்திருக்கிறார். ஆளணியைச் சீர்செய்வது, நீண்டகாலம் ஒரே இடத்தில் இருப்பவரை நகர்த்துவது, அரசியல் சிபாரிசோடு வந்த இடமாற்றத்தை மறுப்பது போன்ற, எதிரிகளைச் சம்பாதித்துத் தரும் முடிவுகளை அவர் ஏன் எடுக்கப் போகிறார்? ஊழியர்களும் இதைப் புரிந்துகொண்டு, அடுத்தவர் வரட்டும் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது அமைதியான நிர்வாகம் போலத் தெரியும்.

அந்த அமைதியின் விலையை நாம் மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டின் தாய் சேய் நலம் நிற்பது இந்தக் களப் பணியாளர்களின் கால்களில்தான். தடுப்பூசி ஏற்றுவதிலும் தாய் மரணத்தைக் குறைப்பதிலும் இலங்கை தெற்காசியாவில் முன்னணியில் இருக்கிறதென்றால் அதில் பெரும் பங்கு இவர்களுடையது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் என்பது கணக்கு. பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் ஏற்பட்டால் 'அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' மாதங்களாக நீளும். கர்ப்பிணிகளின் வீட்டுத் தரிசிப்பு குறையும், ஆனால் பதிவேட்டில் எண்ணிக்கை குறையக் கூடாது. இப்படி இரண்டு பிரிவுகளுக்கு நடக்கும் ஒருவரிடம் போய், சேவையில் தரம் போதாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஊழியரின் குரலைக் கேட்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒவ்வொன்றிலும் மாதாந்த மாநாடு நடக்கிறது. பிராந்தியப் பணிப்பாளரும் சுகாதார வைத்திய அதிகாரிகளை அவ்வாறே சந்திக்கிறார். கட்டமைப்பு இருக்கிறது. அது போகும் திசைதான் பிரச்சினை. மாநாட்டில் மாத அறிக்கைகள் சரிபார்க்கப்படும், டெங்குப் பரிசோதனை எத்தனை வீடு என்று கேட்கப்படும், குறைந்திருந்தால் ஏன் என்று விளக்கம் கோரப்படும். இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் உங்களுக்கு என்ன குறைகிறது, போன மாதம் நீங்கள் சொன்னது என்னவாயிற்று என்று மேலிருந்து கேட்கப்படும் நேரம் அந்த நிகழ்ச்சி நிரலில் எவ்வளவு? சொன்னது எழுதப்படுகிறதா, அடுத்த மாதம் அதற்குப் பதில் வருகிறதா? நல்ல எம்.ஓ.எச். ஒருவர் இருக்கும் இடத்தில் இது நடக்கும். அவர் மாறிப்போனால் அதுவும் அவரோடு போய்விடும். ஒரு மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஒரு திணைக்களம் இயங்குவது ஆபத்தானது.

கொவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜனாஸா எரிப்பு முடிவைக் கொழும்பில் எடுத்தார்கள். 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி அதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும் அது 2021 பெப்ரவரி வரை நீடித்தது. மார்ச் 5 ஆம் திகதிதான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அந்த மாதங்களில் நமது வீட்டு வாசலுக்கு வந்தவர் யார்? கொழும்பின் நிபுணர் குழு வரவில்லை. பொது சுகாதார பரிசோதகர் வந்தார், மிட்வைப் மிஸ் வந்தார். 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுக் கொத்தணி உருவானபோது, காய்ச்சல் வந்தவரை வெளியே காட்டவே பயந்த வீடுகளின் கதவைத் தட்டியவர்கள் அவர்கள்தான். தாங்கள் எடுக்காத முடிவுக்கான கோபத்தை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் பலர் முஸ்லிம்கள், அதே பயம் அவர்களுடைய வீட்டிலும் இருந்தது. மக்கள் நோயை மறைக்கிறார்கள், இந்த முடிவு தொற்றைக் கட்டுப்படுத்தும் வேலையையே கெடுக்கிறது என்பது களத்தில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அந்தத் தகவல் மேலே போய் எடைபோடப்படும் வழி ஒன்று இருந்திருந்தால் அத்தனை மாதங்கள் எடுத்திருக்குமா? அரசியல் பிடிவாதம் அதையும் மீறியிருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் அப்போது யாருக்கும் தெரியாது என்ற சாக்கு மிஞ்சியிருக்காது. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில்தான்.

உள்ளே பேச வழியில்லாதபோது ஊழியர் தெருவில் பேசுகிறார். 2024 தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்டபோது, அதே தொகையைக் கேட்டு 72 தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் கூட்டப்பட்டும், மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை மாறியதால் மார்ச் மாதத்தில் மீண்டும் எதிர்ப்பு. சம்பளம் கொழும்பில் தீர்மானிக்கப்படுவது, அதில் பிராந்தியப் பணிப்பாளர் செய்யக்கூடியது குறைவு. ஆனால் கடமைப் பட்டியலை நியாயமாகப் போடுவது, இரவுக் கடமை முடித்த பெண் ஊழியர் வீடு போக ஏற்பாடு செய்வது, ஒரு சாராருக்கு மட்டும் சலுகை என்ற சந்தேகம் வராமல் இடமாற்றத்தின் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வது எல்லாம் அவரது கையில்தான் இருக்கின்றன. இவற்றுக்குக் காசு பெரிதாகத் தேவையில்லை, நேரம் தேவை. பொன்னாடை வைபவங்களைக் கொஞ்சம் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும்.

நமது வைத்தியர்கள் பலர் போய்ச் சேரும் இங்கிலாந்தில் இதற்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ஸ்டாஃபோர்ட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நோயாளர்கள் மோசமாகக் கவனிக்கப்பட்டதை விசாரித்த ரொபர்ட் பிரான்சிஸ், 2013 பெப்ரவரியில் 290 சிபாரிசுகளுடன் அறிக்கை கொடுத்தார். நிர்வாகம் நிதி இலக்குகளின் பின்னால் ஓடியது, ஆளணி குறைக்கப்பட்டது, எச்சரித்த ஊழியர்களின் குரல் எடுபடவில்லை என்பது அதில் பதிவாகியிருக்கிறது. அந்த நாட்டின் தேசிய சுகாதார சேவை 2003 முதல் ஆண்டுதோறும் தனது ஊழியர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவையும் பகிரங்கமாக வெளியிடுகிறது. கணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஸ்டாஃபோர்ட் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊழியரிடம் படிவம் நிரப்பி வாங்கிவிட்டு அலுமாரியில் வைத்தால் எந்தப் பயனும் வராது.

மஷூராவைப் பற்றி மிம்பரில் அடிக்கடி கேட்கும் சமூகம் நாம். உமர் (ரழி) அவர்கள் ஹஜ் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, அவர்களின் கீழ் வாழும் மக்களிடமே அவர்களைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆளுநர் எந்தக் கோத்திரத்தவர் என்பது அந்தச் சபையில் விசாரிக்கப்பட்ட விடயம் அல்ல. நம்முடைய சம்மேளனங்கள் புதிய பணிப்பாளரைச் சந்திக்கப் போகும்போது அந்த முறையில் கொஞ்சத்தையாவது கொண்டுபோகலாம். போவதற்கு முன்னர் தமது ஊரில் வேலை செய்யும் மிட்வைப் மிஸ்ஸையும் பரிசோதகரையும் சிற்றூழியரையும், அவர்கள் தமிழராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும், தனியாகச் சந்தித்துக் கேட்டுவிட்டுப் போகலாம். பெயரைச் சொல்லி அவர்களை மாட்டிவிடாத கண்ணியம் மட்டும் வேண்டும்.

மகஜரில் கட்டடத்துக்குப் பதிலாகச் சில கேள்விகளை எழுதலாம். இந்தப் பிராந்தியத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, பதவி வாரியாக இன்றைய வெற்றிடம் எவ்வளவு, எத்தனை குடும்ப நல உத்தியோகத்தர்கள் இரண்டு பிரிவுகளைப் பார்க்கிறார்கள், கடந்த ஓராண்டில் மாதாந்த மாநாடுகளில் ஊழியர் முன்வைத்த கோரிக்கைகள் எத்தனை, அவற்றில் தீர்க்கப்பட்டவை எத்தனை. பதில் வாய்மொழியாக வந்தால் போதாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றை எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தனது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.