மலை ஏற மறுக்கும் டீசல் வண்டி: சென்சாரை மாற்றும் முன்பு பார்க்க வேண்டியவை

கேள்வி: ‘காமயகவுண்டன்பட்டி பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய டீசல் கார்தான், காமன் ரெயில் என்ஜின். பின் இருக்கையை மடக்கி, ஏழெட்டு கிரேட் பழத்தோடு குமுளி வரை போவதுண்டு. சமவெளியில் நன்றாக ஓடுகிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது இழுவையே இல்லை. ஏர் ஃப்ளோ சென்சார் போய்விட்டது, சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?’

பதில்: உடனே மாற்ற வேண்டாம். இலை மஞ்சளானதும் யூரியாவை அள்ளிப் போடுவதில்லை. தண்ணீர் தேங்கியதா, வேர் அழுகியதா, இரும்புச்சத்துக் குறைவா என்று பார்த்த பிறகே கை வைக்கிறோம். இதற்கும் அதே முறைதான். வண்டி இழுக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பாதி, காசு செலவில்லாமல் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடியவை.

சென்சார் என்ன செய்கிறது?

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் வரும் குழாயில், நாலைந்து வயர்கள் உள்ள சாக்கெட்டோடு சின்னதாக ஒரு கருவி இருக்கும். அதுதான் இந்த சென்சார். உள்ளே மெல்லிய தகடு ஒன்று மின்சாரத்தால் சூடாக்கப்படுகிறது. காற்று பட்டால் தகடு குளிரும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து, என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப்படிதான் டீசலைக் கொடுக்கிறது. தகட்டில் தூசியோ எண்ணெய்ப் பசையோ படிந்தால் கணக்கு தவறும். காற்று குறைவு என்று சென்சார் சொன்னால் டீசல் குறையும், இழுவை போகும்.

மலையில் ஏறும்போது காற்று கொஞ்சம் லேசாவது இயற்கை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறையும். டர்போ உள்ள வண்டி இதைப் பெருமளவு சமாளித்துவிடும். எனவே குமுளி ஏற்றத்திலேயே வண்டி திணறினால் அது உயரத்தால் வந்ததல்ல, கோளாறுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. ஏர் ஃபில்டர்: தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அடைத்திருந்தால் புதிது போடுங்கள்.

2. டீசல் ஃபில்டர்: சமவெளியில் ஓடி, ஏற்றத்தில் மட்டும் திணறுவது இதன் அடைப்பாலும் வரும். மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள்.

3. காற்றுக் குழாய்கள்: சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் ரப்பர் குழாய் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று தூசியோடு உள்ளே போகும். டர்போவே கெட்டுவிடும். டர்போவுக்குப் பிறகு உள்ள குழாய் வெடித்திருந்தால், அளந்த காற்று வெளியே ஓடிவிடும். கொடுத்த டீசல் எரியாமல் கரும்புகை வரும். கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, குழாய் மேல் புதிதாக எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள்.

4. இ.ஜி.ஆர். வால்வு: புகையில் ஒரு பங்கை மறுபடியும் என்ஜினுக்குள் விடும் வால்வு இது. கரி படிந்து திறந்தபடியே நின்றுவிட்டால், புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகும். இழுவையும் குறையும், கரும்புகையும் வரும்.

5. வயர், சாக்கெட்: தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயர் சாதாரணம். வாட்டர் சர்வீஸ் செய்தபோது சாக்கெட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கவும் கூடும்.

பொதுவாக, இழுவை குறைந்து கரும்புகையும் தள்ளினால் குழாய், இ.ஜி.ஆர். பக்கம் பாருங்கள். புகையில்லாமல் இழுவை மட்டும் போனால் டீசல் ஃபில்டர், அடுத்து சென்சார்.

சென்சாரைச் சோதிப்பது எப்படி?

மேலே சொன்னவை சரியாக இருந்தால், வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சென்சார் சாக்கெட்டைக் கழற்றிச் சமமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். என்ஜின் லைட் எரியும், பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஒரு உத்தேச அளவை வைத்து ஓட்டும். அப்போது இழுவை கூடினால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் சாக்கெட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் இ.ஜி.ஆரும் மூடிக்கொள்ளும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சில வண்டிகளில் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். கழற்றியபடியே ஓட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது.

முடிவு சொல்வது ஸ்கேனர். கோளாறு எண் வரவில்லை என்றால் சென்சார் நல்லது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தவறும் சென்சார் எண்ணே காட்டாது. ஓட்டத்தில் வரும் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். 2 லிட்டர், 4 சிலிண்டர் என்ஜினில் ஒரு சிலிண்டர் அரை லிட்டர். டர்போ வேலை செய்யாதபோது ஒரு இழுப்புக்கு அதிகபட்சம் 600 மில்லிகிராம். ஏற்றத்தில் டர்போ முழு வேகத்தில் அழுத்தும்போது இது 600-ஐ நன்றாகத் தாண்ட வேண்டும். டர்போ அழுத்தம் சரியாகக் காட்டி, காற்றின் அளவு மட்டும் ஏறாமல் நின்றால் குற்றவாளி சென்சார். இரண்டுமே குறைவு என்றால் டர்போ, குழாய், ஃபில்டரைத் தேடுங்கள். இந்தச் சோதனையை நின்ற வண்டியில் செய்தால் பயனில்லை. ஏற்றத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும்.

மாற்றும் முன்பு ஒரு முறை சுத்தம் செய்து பார்க்கலாம். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். துணி, பிரஷ், விரல், பெட்ரோல், கம்ப்ரசர் காற்று எதுவும் ஆகாது. தகடு அவ்வளவு மெல்லியது. அதே மாடல், அதே பார்ட் நம்பர் வண்டி பக்கத்துத் தோட்டத்தில் இருந்தால், அரை மணி நேரம் அந்த சென்சாரை மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் விட நல்ல சோதனை. கடைசியில் வாங்குவதென்றால் பழைய சென்சாரில் அச்சடித்த நம்பரைப் பார்த்து வாங்குங்கள். மலிவான போலியை மாட்டினால் மறுபடியும் அதே தொல்லை. மாட்டிய பிறகு ஸ்கேனரில் பழைய கோளாறு எண்களை அழிக்கச் சொல்லுங்கள்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, தோல் மெல்லிய பழம். மலையில் நடு ரோட்டில் வெயிலில் நின்றால் ஏற்றிய பழத்தின் விலையே விழுந்துவிடும். எனவே கோளாறு தீரும்வரை பாரத்தோடு மலை ஏற வேண்டாம்.

கேள்வி: ‘போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பழைய ஜீப்பும் இழுக்கவில்லை. அதிலும் இந்த சென்சார்தானா?’

பதில்: மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய ஜீப்பில் டீசலைக் கம்ப்யூட்டர் அளப்பதில்லை. எனவே இந்த சென்சாரே கிடையாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் அது திணறினால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச் இவற்றை வரிசையாகப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனர் என்றால், அடியில் சேறு கட்டிய எண்ணெயைக் கொட்டிவிட்டு, குறியிட்ட அளவு வரை புது எண்ணெய் ஊற்றுங்கள். இல்லாத சென்சாருக்கு யாராவது விலை சொன்னால், ‘எந்த இடத்தில் இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.