பாசிமணி தாழ்ந்ததா?

"பாசிமணிதானே!" என்று ஏளனமாகச் சொல்கிறோம். தங்கத்துக்குள்ள மதிப்பு கண்ணாடிக்கு இல்லையாம்!

நம் ஆயக்குடியிலிருந்து பழனியைத் தாண்டிச் சென்றால் பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடத்தினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை எனப் பல நிறங்களில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன.

மணிகளில் வகைகள் உண்டு. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்குவது ஒரு வகை. கம்பியின் மேல் கண்ணாடியைச் சுற்றிச் செய்வது மற்றொன்று. செம்பு கலந்தால் சிவப்போ பச்சையோ வரும். கோபால்ட் கலந்தால் கருநீலம். அரிக்கமேட்டிலும் முன்னோர் இத்தொழிலைச் செய்தனர்.

எனவே வயலில் பழைய மணியொன்று கிடைத்தால் அதை மாலையில் கோத்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்து ஆசிரியையிடம் கொடுங்கள். அவர் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார். இடம் தெரியாத மணி முகவரி அழிந்த கடிதம் போன்றது. பழனி அடிவாரத்தில் பாசி விற்கும் அம்மாவை ஏளனம் செய்வதையும் விட்டுவிடுவோம். பொருளின் விலை குறைவாக இருக்கலாம்; தொழிலின் பெருமை குறைந்ததன்று!