கூகை செய்த குற்றம் யாது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

காலையில் கூரை மீது காகம் கரைந்தால் விருந்து வரும் என்கிறோம். கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக் கொள்கிறோம். செம்போத்து எதிர்ப்பட்டால் போகிற காரியம் பலிக்கும் என்று மகிழ்கிறோம். இரவில் கூகை அலறினாலோ, கல்லைத் தேடுகிறோம்! பறவைகளுக்குள் இப்படியொரு சாதி வேற்றுமையை வகுத்தவர் யார்?

காகத்துக்கு உள்ள மதிப்பு பழைமையானது. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதாலேயே நச்செள்ளையார் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார். அச்செய்யுள் குறுந்தொகையில் 210ஆவது. அமாவாசைதோறும் நாம் முன்னோராக எண்ணிச் சோறிடும் இக்காகத்தை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது என்பது வேடிக்கை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியல் நீங்கியது.

கூகைக்கும் சங்கத்தில் இடம் உண்டு. புறநானூற்றின் 364ஆம் பாடலைப் பாடியவர் பெயரே கூகைக்கோழியார். ஆனால் அங்கே கூகை குரல் கொடுப்பது இடுகாட்டில். அச்சம் அன்றே தொடங்கிவிட்டது போலும்! எனக்குப் பிடித்தது நற்றிணை 83. தலைவன் வரவை எண்ணி உறங்காதிருக்கும் இரவில் தோழி கூகையிடம் பேசுகிறாள்: ஆட்டிறைச்சிச் சோறும் எலிச் சூடும் தருகிறோம், நாங்கள் அஞ்சும்படி அலறாதே என்கிறாள். அவளுக்கும் பயந்தான். என்றாலும் கல்லெறியவில்லை, விருந்து பேசுகிறாள். கூகைக்கு எலி பிடிக்கும் என்பதையும் அறிந்திருக்கிறாள்.

எட்கர் தர்ஸ்டன் 1912இல் வெளியிட்ட தென்னிந்தியச் சகுனங்கள் பற்றிய நூலில் ஆந்தையின் அலறலுக்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஒரு முறை அலறினால் சாவு, இரு முறை என்றால் வெற்றி, மூன்று முறை என்றால் வீட்டுக்கு மருமகள் வருவாளாம். இன்று எண்ணிப் பார்க்கும் பொறுமை யாருக்கு உண்டு? முதல் அலறலிலேயே முடிவு கட்டி விடுகிறோம்.

முடிவு கட்டுவதால் வரும் கேட்டை எங்கள் திமிரியில் கண்டேன். டேனரியில் வேலை பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் மூச்சுத் திணறிக் கிடந்தார். தெருக்கோடிப் புளியமரத்தில் கூகை அலறியது. “அது கூப்பிட்டு விட்டது, இனி ஆஸ்பத்திரி எதற்கு?” என்றார்கள். கழிப்புக் கழித்தார்கள். நான்காம் நாள்தான் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. மூன்று நாள் தாமதத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. பழி முழுவதும் கூகை மேல்!

நோயாளி உள்ள வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். விளக்கைப் பூச்சிகள் மொய்க்கும். பூச்சியைத் தேடிச் சிற்றாந்தை வரும். கூகையோ எலியைத் தேடி எல்லா இரவும் ஊரைச் சுற்றுகிறது. மற்ற நாள் நாம் உறங்குகிறோம். நோயாளியின் பக்கத்தில் விழித்திருப்பவர் காதில்தான் அலறல் விழுகிறது. கூகை சாவை அழைத்து வரவில்லை, நண்பர்களே! நம் விழிப்புத்தான் அதன் குரலைக் கண்டுபிடிக்கிறது.

இதை வீட்டில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான். “திமிரிப் பெண்ணுக்குப் படித்த திமிர்” என்றார் பாட்டி. ஆனால் மரத்தடியில் கிடந்த உருண்டைகளைப் பிரித்துக் காட்டியபோது உற்றுப் பார்த்தார். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஒன்றனுள் எலியின் மண்டையோடு அப்படியே இருந்தது. நெல்லில் எலி வெட்டு எவ்வளவு என்பது நடவு நட்டே வாழ்ந்த பாட்டிக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! வயலில் ஆந்தை வந்து அமரட்டும் என்றுதான் ‘டி’ வடிவக் குச்சிகளையும், தலைகீழாகத் தென்னை மட்டையையும் நடச் சொல்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். வயலில் இருக்கை போட்டு அழைக்கிறோம், வீட்டருகே வந்தால் அடிக்கிறோம்! அடிப்பது மேற்சொன்ன சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது அந்தப் புளியமரத்தையே வெட்டிவிட வேண்டும் என்று தெருவில் பேச்சு. பொந்தில் குஞ்சுகள் சீறும் ஒலி கேட்கிறது. குஞ்சுகள் பறக்கும் வரையாவது கோடரியை எடுக்காதீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வருகிறேன். நிலம் வைத்திருக்கும் நான்கு வீட்டார் சரி என்றிருக்கிறார்கள். இறந்தவர் வீட்டில் இன்னும் பதில் இல்லை. பாட்டியை உடன் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.