வளைந்த மேற்கோளா? நேர் மேற்கோளா?



நட்பு, தன்னம்பிக்கை, நாட்டுப்பற்று என்று மலரில் எழுத எத்தனையோ பெரிய தலைப்புகள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டதோ கம்ப்யூட்டர் கையேடுகளில் வரும் மேற்கோள் குறி! “வேற விஷயமே கிடைக்கலையா?” என்று சிரிக்காதீர்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இந்தக் கடுகு நம் லேபில் எத்தனை பேர் கண்ணில் நீரை வரவழைக்கிறது என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

மேற்கோள் குறியில் இரண்டு வகை உண்டு. ஒன்று புத்தகங்களில் பார்ப்பது: “வணக்கம்”. தொடக்கத்தில் ஒரு பக்கமும் முடிவில் மறு பக்கமும் வளைந்திருக்கும். இன்னொன்று கீபோர்டில் தட்டினால் வருவது: "வணக்கம்". முன்னும் பின்னும் ஒரே மாதிரி, ஆணி அடித்தது போல நேராக நிற்கும். படிக்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. நேர் மேற்கோளின் எண் 34. வளைந்ததில் திறக்கும் குறிக்கு 8220, மூடும் குறிக்கு 8221. நம் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரிகிறவை, மெஷினுக்கு முன்பின் அறியாத ஆட்கள்!

இந்தப் பிரிவினை எப்படி வந்தது? அச்சுக் கோர்ப்பதில் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று தனித்தனியாகத்தான் இருந்தது. டைப்ரைட்டர் வந்தபோது விசைகளைச் சிக்கனப்படுத்த வேண்டியிருந்ததால், இரண்டு வேலைக்கும் ஒரே குறி என்று ஆனது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்த அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். 1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி குறியீட்டு அட்டவணை வெளியானபோதும் அதே சிக்கனம்தான். மொத்தமே 128 இடம். அதில் நேர் மேற்கோளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது, கீபோர்டில் இருந்த அந்தக் குறியைத்தான் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த மொழிகள் பலவும் அதே வழியில் போயின. 1991-ல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோது வளைந்த மேற்கோளுக்கும் தனி எண் கிடைத்தது. ஆனால் அதற்குள் புரோகிராம் உலகம் நேர் மேற்கோளில் வேர்விட்டுவிட்டது.

சரி, வினை எங்கே தொடங்குகிறது? எம்.எஸ். வேர்டில் நாம் நேர் மேற்கோளைத் தட்டினாலும் அது தானாகவே வளைத்துவிடும். இதற்கு வைத்திருக்கும் பெயர் “ஸ்மார்ட் கோட்ஸ்”! லீவ் லெட்டருக்கு அது அழகுதான். ஆனால் லேப் கையேட்டையும் அதிலேயே டைப் செய்து, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நாம் அதிலிருந்து புரோகிராமைக் காப்பி செய்து ஒட்டுகிறோம். பிறகு நடப்பதைக் கேளுங்கள்.

சி புரோகிராம் என்றால், ஜி.சி.சி. கம்பைலரின் பழைய பதிப்புகள் “ஸ்ட்ரே 342” என்று கத்தும். 342 என்றால் என்ன? நாம் எழுதிய புரோகிராமில் அந்த எண்ணே கிடையாதே! ரகசியம் இதுதான். வளைந்து திறக்கும் மேற்கோள் ஒன்றை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க மூன்று பைட் வேண்டும்: 226, 128, 156. டிஜிட்டல் பேப்பரில் ஆக்டல் படித்தோமே, அதில் 226-ஐ மாற்றிப் பாருங்கள். 342 வரும்! ஒரு குறிக்கு மூன்று எரர். பத்து வரியில் மேற்கோள் இருந்தால் திரை முழுக்க எரர்தான். பைத்தான் இதில் பரவாயில்லை. புதிய பதிப்புகளில் எந்தக் குறி தப்பு என்பதை அதன் யூனிகோட் எண்ணோடு சொல்லிவிடும். திட்டினாலும் காரணம் சொல்லித் திட்டுகிற வாத்தியார் மாதிரி!

எரர் காட்டுவதைவிட மோசமானது, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. லினக்ஸில் ஃபோல்டர் உண்டாக்கும் கமாண்டுக்குப் பக்கத்தில் "என் பாடம்" என்று நேர் மேற்கோளில் கொடுங்கள். அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் வரும். அதையே வளைந்த மேற்கோளில் ஒட்டுங்கள். இரண்டு ஃபோல்டர் வரும்! ஒன்றின் பெயரில் முன்னால் ஒரு வளைந்த குறி, இன்னொன்றின் பெயரில் பின்னால் ஒரு வளைந்த குறி. எரர் எதுவும் கிடையாது. எச்.டி.எம்.எல். பக்கத்திலும் இதே கதைதான். லிங்க் முகவரியைச் சுற்றி வளைந்த மேற்கோள் இருந்தால், பிரவுசர் அந்தக் குறியையும் முகவரியோடு சேர்த்துக்கொள்ளும். பக்கம் அழகாகத் தெரியும், லிங்க் மட்டும் போகாது.

“அரை மணி நேரம்தானே வீணாகும்?” என்று சிலர் கேட்கலாம். நேரம் மட்டும் போனால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் மூன்று மணி நேர லேபில் ஒரு பெஞ்ச் முழுக்க ஒரே எரர். பக்கத்தில் இருந்த நண்பன் வரிவரியாகச் சரிபார்த்தான். கையேட்டில் இருந்ததும் திரையில் இருந்ததும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கடைசியில், “எனக்கு இதெல்லாம் வராதுடா, பேசாம மாமா கடைக்கே போயிருக்கலாம்” என்றான். கையேட்டின் மேல் வரவேண்டிய சந்தேகம் அவனுக்குத் தன் அறிவின் மேல் வந்துவிட்டது!

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அச்சடித்த காகிதம் என்றாலே என் அப்பாவுக்கு ஒரு மரியாதை. “புக்குல இருக்கற மாதிரிதானே போட்ட?” என்பார். நம்மில் பலரும் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்து வந்தவர்கள்தானே? அச்சில் உள்ளது சரி, தப்பு நம்முடையதுதான் என்று நம்பிப் பழகியவர்கள். சந்தேகம் கேட்க வீட்டில் அண்ணன் இல்லை, அக்கா இல்லை. கையேடுதான் துணை. அந்தத் துணையே காலை வாரிவிட்டால் யாரிடம் போவது?

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். “படிக்கிற பக்கத்துக்கு அழகு வேண்டாமா? எது திறப்பு, எது முடிவு என்று வளைந்த குறிதானே காட்டுகிறது?” உண்மைதான், நான் மறுக்கவில்லை. இந்த மலரிலும் வளைந்த குறிதான் பொருத்தம். “அப்படியானால் கம்ப்யூட்டரே இரண்டையும் ஏத்துக்கட்டுமே?” மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல் அப்படி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சி-யும் பைத்தானும் ஏற்பதில்லை. அவை மாறும் வரை நாம் ரெக்கார்டு சப்மிட் பண்ணாமல் காத்திருக்க முடியுமா?

அறிஞர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் மென்பொருளில், எழுதுகிறவர் கீபோர்டில் உள்ள சாதாரணக் குறிகளையே தட்டுவார். அச்சில் வளைத்துக் கொடுப்பது மென்பொருளின் வேலை. ஜான் க்ரூபர் எழுதிய ஸ்மார்ட்டிபேன்ட்ஸ் என்ற கருவி வலைப்பக்கத்தின் உரைநடையில் மேற்கோள்களை வளைக்கும். புரோகிராம் உள்ள பகுதியைத் தொடாது. கூகுள் நிறுவனம் தன் மென்பொருள் ஆவணங்களுக்கு வைத்துள்ள நடை விதிகளில் நேர் மேற்கோளையே பயன்படுத்தச் சொல்கிறது.

என் கருத்து இதுதான். படிப்பவர் கையால் தட்டக்கூடிய எதிலும் நேர் மேற்கோள்தான் இருக்க வேண்டும். விளக்க உரையில் வளைந்தது இருக்கலாம், அது புரோகிராமுக்குள் நுழையாது என்ற உறுதி இருந்தால் மட்டும். அந்த உறுதி இல்லையா, கையேடு முழுக்க நேர் மேற்கோளே போதும். உரைநடையில் நேர் மேற்கோள் வந்தால் யாருக்கும் வேலை கெடாது. புரோகிராமில் வளைந்த மேற்கோள் வந்தால் ஒரு மாணவனின் மதியம் முழுவதும் போகும்.

இது ஆசிரியர்களைக் குறை சொல்ல எழுதியது அல்ல. ஜூனியர்களுக்கு நோட்ஸ் தயாரிப்பது நாமும்தானே! வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், “ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்” பகுதியில் ஸ்மார்ட் கோட்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். நோட்ஸை அனுப்பும் முன், அந்த பி.டி.எஃப்.-இல் இருந்தே ஒரு தடவை காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். சங்கத்தின் சார்பில் பழைய லேப் கையேடுகளை எல்லாம் இப்படி ஓட்டிப் பார்த்துத் திருத்தும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். ஒரு சனிக்கிழமை, பத்து பேர் போதும். முதல் ஆளாக நான் வருகிறேன். நீங்களும் வருவீர்களா?

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை