காக்கா எச்சத்துக்கு வாரண்டி கிடையாது! புது கார் வாங்குவோரே உஷார்

சென்னை: "3 வருஷம் வாரண்டி சார், கவலையே வேண்டாம்!" ஷோரூமில் இப்படித்தான் சொல்கிறார்கள். தவணை கட்டத் தொடங்கிய பிறகுதான் வாரண்டி புத்தகத்தின் பொடி எழுத்து கண்ணில் படுகிறது.

பறவை எச்சம், மரப் பிசின், உப்புக் காற்று, ஆலைப் புகை ஆகியவற்றால் பெயிண்ட் கெட்டால் வாரண்டி இல்லை என்கின்றன பல கம்பெனிகளின் புத்தகங்கள். அப்படியானால் காரை எங்கேதான் நிறுத்துவது? பீரோவிலா?

"லேசான சத்தம், அதிர்வு" கோளாறே அல்ல என்றும் ஒரு வரி உண்டு. எது லேசு? அதைச் சொல்வதும் கம்பெனி மெக்கானிக்தான்!

வெள்ளத்தில் வில்லங்கம்

வெள்ளச் சேதமும் வாரண்டியில் சேராது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி ராடு வளைந்துவிடும். "நீங்க சாவி போட்டதால் வந்த சேதம்" என்று சாதாரண பாலிசியில் கைவிரிக்கலாம். என்ஜின் பாதுகாப்புக்குத் தனி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் பட்ட பாடு போதும் என்றுதான், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள் மக்கள்.

என்ன செய்யலாம்?

முன்பணம் கொடுக்கும் முன்பே வாரண்டி புத்தகத்தைக் கேட்டுப் படியுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதை எழுதி வாங்குங்கள். மூழ்கிய காரில் சாவி போடாதீர்கள். கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

உற்பத்திக் கோளாறையே "நீங்க ஓட்டிய விதம் சரியில்லை" என்று தட்டிக் கழித்தால் விடாதீர்கள். 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விவரம் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.