எழுத்தும் ஓர் ஓவியமே

என் தந்தையார் அம்பத்தூர்ப் பகுதியில் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் எழுத்து எழுதிப் பிழைத்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆயினும் 'ழ'கரத்தின் வளைவு சற்றே கோணினாலும் அழித்துவிட்டு மீண்டும் எழுதுவார். ஃப்ளெக்ஸ் பலகைகள் வந்தபின் அவர் தூரிகைக்கு வேலையில்லை. இன்று காவலாளியாக இருக்கிறார்.

எழுத்தெழுதுவது கலையா, வெறும் கூலி வேலையா? கலையே என்பேன். சான்று, ஓவியர் ஆதிமூலம். 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளை வரைந்த கோட்டோவியங்களால் புகழ்பெற்றவர். அதே கோட்டின் வீச்சைச் சிற்றிதழ்த் தலைப்புகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் வழங்கினார். தமிழ் எழுத்து அவர் கையில் ஓவியமாயிற்று. 2008இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய தலைப்புகள் மறையவில்லை.

சீனத்தில் மிங் பேரரசுக் காலத்தில் வாழ்ந்த வென் ஜெங்மிங் (1470–1559) அரசுத் தேர்வில் பலமுறை தோற்றவர். ஆனால் அவருடைய எழுத்தை ஓவியத்துக்கு இணையாக அந்நாடு இன்றும் போற்றிக் காக்கிறது.

நாமோ கையெழுத்தை ரெக்கார்டு நோட்டின் மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறோம். கணினி எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் முதலில் ஒருவர் வடிவம் வரைந்துதானே இருக்க வேண்டும்!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரின் தலைப்பையாவது ஒரு மாணவர் தம் கையால் எழுதட்டும். தூரிகை பிடிக்கக் கற்றுத்தர என் தந்தையார் வருவார், கேட்டுவிட்டேன்.