பயிற்சி ஆட்டத்துக்கு மார்க் போடுகிறவர்களுக்கு



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற இளைஞரைப் பற்றி இரண்டு வாரமாகப் பதிவு மேல் பதிவு போடுகிறீர்கள். ஆகஸ்ட் 8 அன்று கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் வருங்காலமே அவர்தான் என்றீர்கள். 23ஆம் தேதி அவர் எதற்கும் உதவாதவர் என்றீர்கள். இரண்டையும் எழுதியவர்கள் அதே ஆட்கள்தான், பெயரைப் பார்த்துவிட்டேன்.

இந்த ஆட்டம் தெரியாத பெரியவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர். ஆகஸ்டில் நடப்பவை பயிற்சி ஆட்டங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் வராது.

கரோலினாவுக்கு எதிராக 23 முறை எறிந்து 14 சேர்ந்தது, 2 டச் டவுன். ராம்ஸுக்கு எதிராக 6 எறிந்து 3 சேர்ந்தது, மொத்தமே 14 கஜம். 5 முறை பந்தோடு சேர்த்து அவரை வீழ்த்தினார்கள். பந்தைச் சீக்கிரம் விடாமல் கையில் வைத்திருந்தார் என்ற குறை நியாயமானதே. ஆனால் அவரைக் காக்க முன்னால் நின்ற ஐந்து பேர் யார்? அணியில் இடம் நிலைக்குமா என்று தெரியாத மாற்று ஆட்டக்காரர்கள். மூன்றே நாளில் 90 பேரை 53 ஆகக் குறைக்க வேண்டும். எதிரே பாய்ந்து வந்தவர்களுக்கும் அதே வயிற்றுப் பிழைப்புதான். முதல் ஆட்டத்திலும் அவர் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைத்தான் எதிர்கொண்டார். அப்போது மட்டும் அது உங்கள் கண்ணில் படவில்லையே!

பயிற்சியாளர்கள் தங்கள் நல்ல திட்டங்களை இந்த ஆட்டங்களில் வெளியே எடுப்பதும் இல்லை. எதிரணி பார்த்துவிடும் அல்லவா? மறுநாள் படத்தை ஓட்டி, எந்த அடியில் பையன் சறுக்கினான் என்று பார்ப்பார்கள். மாதிரித் தேர்வுத் தாளை நாங்கள் பார்த்ததும் அப்படித்தான்.

பிரவுன்ஸ் ரசிகர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. 2017இல் உங்கள் அணி நான்கு பயிற்சி ஆட்டங்களையும் ஜெயித்தது. பிறகு 16க்கு 16 தோல்வி! 2008இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் அச்சு அசலாக அதேதான். பெய்ட்டன் மானிங் 1998இல் தம் முதல் பருவத்தில் 28 முறை பந்தை எதிரணியின் கையில் கொடுத்தார். அது பயிற்சி ஆட்டம்கூட இல்லை. அணி 16இல் 3தான் ஜெயித்தது. மறுவருஷம் அதே மானிங்கோடு 13.

இன்னொன்று. தகப்பனார் டீயான் சாண்டர்ஸ் பெரிய ஆட்டக்காரர் என்பதால் மகன்மேல் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கோபமோ மோகமோ இருக்கிறது. முதல் சுற்றிலேயே போவார் என்று பலர் சொன்ன பையன் 144ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அன்றே பாதிப் பேர் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், ஆட்டம் சாக்கு.

பருவத்தில் 17 ஆட்டங்கள் இருக்கின்றன. அவர் களமிறங்கினால் திட்டுங்கள், புகழுங்கள், நானும் படிக்கிறேன். அதற்கு முன், 23ஆம் தேதி அவர் முன்னால் நின்ற அந்த ஐவரில் இரண்டு பேர் பெயரையாவது, தேடிப் பார்க்காமல், இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள் பார்ப்போம்.